சின்னப் பிள்ளைகளோடு தீவுப் பயணம்: டிக்கெட் போடுவதற்கு முன்பே தொடங்கும் வேலை

தீவு என்றதும் எல்லோரும் முதலில் படங்களைத்தான் பார்க்கிறோம். பச்சையும் நீலமுமாகக் கடல், வெள்ளை மணல், தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் குடில்கள். பெரியவர்கள் இருவர் மட்டும் போவதென்றால் படத்தை வைத்தே முடிவெடுக்கலாம், தப்பில்லை. கூடவே ஒரு வயதிலும் மூன்று வயதிலும் ஆள் வருகிறது என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து குழந்தை அங்கே கட்டிலில் படுக்கும்வரை எத்தனை மணி நேரம்? அறைக்கு எதிரே இருக்கும் தண்ணீர் எப்படிப்பட்டது? ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் எவ்வளவு தூரத்தில்? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருக்கிற சுமாரான தீவு, பதில் இல்லாத பேரழகுத் தீவைவிட எவ்வளவோ மேல்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். அதற்கு மேல் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

மாதம் முதலில், தீவு அப்புறம்

பெரும்பாலான குடும்பங்களில் விடுமுறை எந்த மாதம் என்பது முன்பே முடிவாகிவிடும். வேலையோ பள்ளியோ அதைத் தீர்மானித்துவிடுகிறது. எனவே தீவைப் பிடித்துக்கொண்டு மாதம் தேடாமல், மாதத்தை வைத்துத் தீவைத் தேடுங்கள். வெப்பமண்டலம் என்றால் வருடம் முழுக்க ஒரே வெயில் என்ற நினைப்பு தவறு. வெப்பம்தான் மாறாது, மழையும் காற்றும் அலையும் மாதத்துக்கு மாதம் மாறும்.

தாய்லாந்தில் ஃபுக்கெட்டின் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அலை பெரிதாக இருக்கும். கடற்கரையில் சிவப்புக் கொடி ஏற்றியிருப்பார்கள். குழந்தையைத் தண்ணீரில் விடவே முடியாது. அதே நாட்டில் மறுபக்கம் இருக்கும் சாமுய் தீவில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இலங்கையில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்: தென்மேற்குக் கரை டிசம்பர் முதல் மார்ச் வரை அமைதியாக இருக்கும், கிழக்குக் கரையின் திருகோணமலை, பாசிக்குடா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை அமைதியாக இருக்கும். ஒரே தீவுதான், ஆனால் எந்தக் கரை என்பதை மாதம் சொல்கிறது. பாலியில் மழைக்காலம் ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை. மொரிஷியஸில் புயல் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையில் காற்று பலமாக வீசும், மேற்கும் வடக்கும் தேவலை. கரீபியனில் அதிகாரப்பூர்வப் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை.

மழைக்காலம் என்றால் போகவே கூடாது என்று சொல்லவில்லை. தினமும் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெளுக்கும் மழையில் பிள்ளைகள் சந்தோஷமாகவே இருப்பார்கள். மழையைவிட அலைதான் பிரச்சினை. ‘அந்த மாதத்தில் மழை எவ்வளவு’ என்று தேடுவதோடு நிற்காமல் ‘அந்த மாதத்தில் அந்தக் கரையில் கடல் எப்படி’ என்றும் தேடுங்கள்.

கதவிலிருந்து கட்டில்வரை

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை மேலே எழுதி, ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு வரியாக எழுதுங்கள்: விமான நிலையம், காத்திருப்பு, முதல் விமானம், அடுத்த விமானம், குடிவரவு வரிசை, பெட்டிக்காகக் காத்திருப்பு, கார், படகு, மறுபடி கார். பக்கத்திலேயே குழந்தை வழக்கமாகத் தூங்கும், சாப்பிடும் நேரங்களையும் குறியுங்கள். இரண்டும் எங்கே மோதுகின்றன என்பது உடனே தெரிந்துவிடும். விமானம் நான்கு மணி நேரம்தான் என்று விளம்பரம் சொல்லும். தாளில் பார்த்தால் பதினான்கு மணி நேரம் ஆகியிருக்கும்.

என் கணக்கு எளிது. விமானத்துக்குப் பிறகு ஒரே ஒரு மாற்றம் என்றால் சரி. இரண்டு என்றால் யோசிக்க வேண்டும். மூன்று என்றால் பிள்ளைகள் வளரட்டும், தீவு எங்கும் போய்விடாது.

கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கட்டாயம் கேளுங்கள். மாலத்தீவில் தூரத்து விடுதிகள் பலவற்றுக்கு நீரில் இறங்கும் சிறு விமானங்கள்தான் போகின்றன, அவை பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் மாலையில் இறங்கினால் அன்றிரவு தலைநகர் மாலே பக்கம் தங்கிவிட்டு மறுநாள் காலைதான் போக முடியும். அந்தச் சிறு விமானத்தில் பெட்டியின் எடைக்கும் கண்டிப்பான வரம்பு உண்டு. டயப்பரும் பால் மாவும் அடைத்த பெட்டியை வைத்துக்கொண்டு அங்கே நின்று வாதாட முடியாது. வேகப் படகில் போய்ச் சேரக்கூடிய விடுதியாகத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பாலிக்குப் போகிறவர்கள் நியெபி நாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் மார்ச்சில் வரும் அந்த மௌன நாளில் தீவின் விமான நிலையமே 24 மணி நேரம் மூடியிருக்கும், யாரும் தெருவில் இறங்க முடியாது. விடுதிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை, அன்று ஊர் திரும்புவதாகத் திட்டம் போட்டிருந்தால்தான் சிக்கல்.

இன்னொன்று: ஒரே பயணத்தில் இரண்டு மூன்று தீவுகளைப் பார்த்துவிடும் ஆசை. ஒவ்வொரு இடமாற்றமும் ஒரு முழு நாளைத் தின்னும். குழந்தை புது அறையில் தூங்கப் பழகவே ஓரிரு ராத்திரி ஆகும். பழகிய மறுநாளே பெட்டி கட்டுவதில் என்ன லாபம்? ஒரு கட்டில், ஒரு கரை. அதுவே போதும்.

எந்தக் கரை என்பதை வரைபடத்திலேயே பார்க்கலாம்

பவளப் பாறை கரைக்குச் சற்று தள்ளி ஒரு சுவர் மாதிரி நின்றால், பெரிய அலை அங்கேயே உடைந்துவிடும். பாறைக்கும் கரைக்கும் நடுவில் இடுப்பளவுத் தண்ணீர் குளம்போல் கிடக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டியது இதுதான். மொரிஷியஸைச் சுற்றிப் பெரும்பாலும் இப்படித்தான். பாலியில் சானூர் கரையில் பாறை காப்பாற்றுகிறது, தண்ணீர் அடங்கிக் கிடக்கும். அதே தீவின் கூத்தாவில் அலைச்சறுக்குக்காரர்கள் கூடுவார்கள், உள்ளே இழுக்கும் நீரோட்டம் பலம். இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். ‘பாலிக்குப் போனோம், கடலில் இறங்கவே முடியவில்லை’ என்று ஒருவரும், ‘பிள்ளைகள் தண்ணீரை விட்டு வரவே இல்லை’ என்று இன்னொருவரும் சொல்வது இதனால்தான்.

இணைய வரைபடத்தில் செயற்கைக்கோள் காட்சியைத் திறந்து, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் விடுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி வெள்ளைக் கோடு ஓடுகிறதா? அதுதான் பாறையில் உடையும் அலை. கோட்டுக்கு உள்ளே தண்ணீர் வெளிர் பச்சையாக இருந்தால் ஆழம் குறைவு. வெள்ளைக் கோடு கரையை ஒட்டியே இருந்தால், அலை பிள்ளைகளின் காலடியில்தான் வந்து விழும். அந்தக் கோட்டில் எங்காவது இடைவெளி தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகும் வாசல் அது, அந்தப் பக்கம் இழுப்பு இருக்கும்.

கடல் வற்றும் நேரமும் ஒரு விஷயம். தான்சானியாவின் சான்சிபார் தீவில், கிழக்குக் கரையின் பஜே, ஜம்பியானி பக்கம் தண்ணீர் வற்றும்போது வெகுதூரம் உள்வாங்கிவிடும்; நீந்த வந்தவர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் நண்டும் குட்டையும் தேடும் நாலு வயதுக்காரருக்கு அதைவிட நல்ல கடற்கரை கிடையாது. எது உங்களுக்கு வேண்டும் என்று தெரிந்து தேர்ந்தெடுத்தால் போதும். ஏற்ற வற்ற நேர அட்டவணை இணையத்தில் கிடைக்கும்.

விடுதிக்கு எழுதிக் கேட்க வேண்டியவை

பதிவு செய்யும் முன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நீச்சல் குளத்துக்கு வேலி உண்டா, குழந்தைகள் குளம் தனியாக இருக்கிறதா, அறைக் கதவிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது, மாடி முகப்புக் கம்பிகளின் இடைவெளி எவ்வளவு, தொட்டில் கிடைக்குமா, அறையில் குளிர்பெட்டியும் வெந்நீர்க் கெட்டிலும் உண்டா, ஜன்னல் திரை வெளிச்சத்தை முழுக்க மறைக்குமா, அருகிலுள்ள மருத்துவமனை எது. பதில் வருகிற விதமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ‘குழந்தைகளை வரவேற்கிறோம்’ என்று ஒரு வரியில் முடித்தால் சந்தேகப்படுங்கள். படம் எடுத்து அனுப்பினால் நம்பலாம்.

தண்ணீர் மேல் கட்டிய குடில் ஆசை இருந்தால் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். நடக்கப் பழகும் குழந்தை இருக்கும்போது மூன்று பக்கமும் கடல் உள்ள வீட்டில் பெரியவர்களால் ஒரு நிமிடம் கண்ணயர முடியாது. பல விடுதிகள் அந்தக் குடில்களுக்குக் குறைந்தபட்ச வயது வைத்திருப்பதும் இதற்காகத்தான். தரைத்தளத்தில், தோட்டத்தைப் பார்த்த அறையே நல்லது. படுக்கையறைக்கு வெளியே ஒரு சிறு கூடமோ திண்ணையோ இருந்தால் இன்னும் நல்லது. ஏழரைக்குப் பிள்ளைகள் தூங்கிய பிறகு இருட்டில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்க வேண்டாம் பாருங்கள்.

காகிதங்கள், காப்பீடு, ஊசி

கடவுச்சீட்டு திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். குழந்தைகளின் கடவுச்சீட்டுக்குப் பெரியவர்களுடையதைவிட ஆயுள் குறைவு என்பதால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துப் போவதானால், மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும்.

பயணக் காப்பீட்டில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: அவசர மருத்துவ இடமாற்றம். சின்னத் தீவில் கட்டுப்போடத்தான் வசதி இருக்கும், பெரிய விஷயமென்றால் படகிலோ விமானத்திலோ வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். செலவு அங்கேதான். இந்த வரி இல்லாத காப்பீடு தீவுக்கு உதவாது.

புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பாவது குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அந்த ஊரில் மலேரியா உண்டா, டெங்கு உண்டா, வெறிநாய்க்கடி உண்டா என்பதைப் பொறுத்து அவர் சொல்வது மாறும். குழந்தையின் எடைக்கு பாராசிட்டமால் எத்தனை மில்லி என்பதை எழுதி வாங்கி, போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் நினைவை நம்பி அளக்க வேண்டாம்.

பெட்டி

துணி குறைவாகவே போதும்; அங்கே பகலெல்லாம் நனைந்த உடைதான். எடுத்துப் போக வேண்டியவை தீவில் கிடைக்காதவை: உங்கள் குழந்தைக்குப் பழகிய பால் மாவு, வழக்கமான மருந்துகள், வெப்பமானி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், முழுக்கை நீச்சல் உடை, கல்லும் பவளமும் கிழிக்காத ரப்பர்க் காலணி. டயப்பர் முதல் மூன்று நாளுக்குப் போதும், பெரிய தீவு என்றால் மற்றதை அங்கே வாங்கலாம். குட்டித் தீவு என்றால் முழுக்கணக்கும் கொண்டுபோய்விடுங்கள்.

நீச்சல் உடையின் நிறத்தில் கொஞ்சம் பிடிவாதம் பிடியுங்கள். நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் போனதும் மறைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சும் அடிக்கிற இளஞ்சிவப்பும் தூரத்திலிருந்தே தெரியும். அழகுக்கு நீலம் வேண்டுமென்றால் அதை மணலில் போட்டுக்கொள்ளட்டும்.

லைஃப் ஜாக்கெட்டும் முடிந்தால் சொந்தமாகக் கொண்டுபோங்கள். படகுகளில் பெரியவர்கள் அளவுதான் அடுக்கி வைத்திருப்பார்கள். சரியான அளவா என்று பார்க்க, மாட்டிவிட்டு இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறி வந்தால் பெரிது, தண்ணீரில் விழுந்தால் குழந்தை கீழே நழுவிவிடும். கால்களுக்கிடையே போகும் பட்டை உள்ளதாக இருப்பது நல்லது. கையில் மாட்டும் காற்றுப் பைகளும் மிதவை வளையங்களும் விளையாட்டுச் சாமான்கள். அவற்றை நம்பி முகத்தைத் திருப்பக் கூடாது.

தீவுகளில் டாக்சியில் குழந்தை இருக்கை பெரும்பாலும் இருக்காது. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், இல்லையென்றால் மடக்கக்கூடிய ஒன்றை எடுத்துப் போங்கள்.

விமானத்திலும் படகிலும்

இரண்டு வயதுக்குக் கீழே மடியில் உட்காரலாம். முன்வரிசையில் மாட்டும் தொட்டில் சிலதான் இருக்கும், எடை வரம்பும் உண்டு. டிக்கெட் போட்ட அன்றே கேட்டு வையுங்கள். குழந்தைக்கான பாலும் உணவும் 100 மில்லி கட்டுப்பாட்டுக்குள் வராது என்றாலும் சோதனையில் தனியாக எடுத்துக் காட்டச் சொல்வார்கள்.

காது வலிப்பது ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம், அதுவும் தரை தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். அந்த நேரத்துக்குப் பாலையோ ஏதாவது குடிக்கவோ ஒதுக்கி வையுங்கள். விழுங்க விழுங்கக் காது திறக்கும். தூங்குகிறதே என்று விட்டுவிட்டால் தரை தொடும் நேரத்தில் அலறிக்கொண்டு எழும்.

கடல் குமட்டல் இரண்டு வயதுக்குக் கீழே அபூர்வம், இரண்டு முதல் பன்னிரண்டு வரைதான் மோசம். படகில் நடுப்பகுதியில், காற்று வரும் பக்கம், தொடுவானம் தெரிய உட்கார வையுங்கள். போனைக் கையில் கொடுக்காதீர்கள். மாற்று உடையும் இரண்டு மூன்று பிளாஸ்டிக் பைகளும் கைப்பையில் மேலாக இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

அங்கே ஒரு நாள்

நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் வருடம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். அந்தியும் சீக்கிரம் இருண்டுவிடும். சூரியன் மறைந்து அரை மணி நேரத்தில் கும்மிருட்டு. இது பிள்ளைகளுக்குத் தோதான கடிகாரம். ஆறு மணிக்கே எழுந்துவிடுவார்கள், அதைத் தடுக்காதீர்கள். ஆறரைக்குக் கரையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள், வெயில் மெல்லியது, மணல் சுடாது. ஒன்பதரைக்குள் கடல் வேலையை முடித்துக்கொண்டு நிழலுக்கு வந்துவிடுங்கள். பத்து முதல் மூன்றரை வரை அறை, சாப்பாடு, தூக்கம், கதை. நாலு மணிக்கு மறுபடி ஒரு சுற்று. இப்படி ஒரு நாள் போனால், ‘பார்க்க வேண்டிய இடம்’ எதையும் பார்க்காமல் இருந்தாலும் யாரும் அழமாட்டார்கள், நீங்கள் உட்பட.

சுற்றிப் பார்ப்பதென்றால் இரண்டு நாளுக்கு ஒரு முறை, காலையில் மட்டும், ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடம். படகில் நாள் முழுக்க நான்கு தீவு சுற்றும் பயணங்களை விற்பவர்கள் ‘குழந்தைகளுக்கும் பிரச்சினை இல்லை’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் படகில் நிழல் உண்டா, கழிப்பறை உண்டா, நடுவில் திரும்ப முடியுமா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்றாலும் வேண்டாம்.

தண்ணீரில் இறங்கும் முன் பத்து நிமிடம்

கரைக்குப் போனதும் பையை வைத்துவிட்டு உடனே இறங்காதீர்கள். நின்று கடலைப் பாருங்கள். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சில சின்ன அலைகளுக்குப் பிறகு இரண்டு மூன்று பெரிய அலைகள் சேர்ந்து வரும். அந்தப் பெரியவை எங்கே விழுகின்றன, எவ்வளவு மேலே ஏறுகின்றன என்று பார்க்கத்தான் பத்து நிமிடம். அலை நேராக மணலில் டொம்மென்று விழுந்தால் முழங்கால் ஆழத்தில்கூடக் குழந்தையைப் புரட்டிவிடும். உருண்டு வந்து நுரையாகப் பரவினால் பரவாயில்லை.

அப்புறம் உள்ளே இழுக்கும் நீரோட்டத்தைத் தேடுங்கள். இருபுறமும் அலை உடைந்து வெள்ளையாக இருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருமையாக, அமைதியாகத் தெரியும். அதில் நுரையும் கலங்கிய மணலும் கரையை விட்டு வெளியே நகர்ந்துகொண்டிருக்கும். ‘இங்கேதான் அலையே இல்லை’ என்று புதியவர்கள் பிள்ளைகளோடு போய் இறங்குவது சரியாக அந்த இடத்தில்தான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், மிதந்து, கரைக்கு இணையாக விலகிவந்து பிறகு திரும்ப வேண்டும். இது பெரியவர்களுக்கான பாடம்; பிள்ளைகள் அந்தப் பட்டையின் பக்கமே போகக் கூடாது.

உயிர்காப்பாளர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். இன்று எங்கே இறங்கலாம், ஜெல்லி மீன் இருக்கிறதா என்ற இரண்டு கேள்வி போதும். சிவப்புக் கொடி என்றால் இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.

மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும்போது கூப்பிட மூச்சு ஏது? சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், பக்கத்தில் பத்துப் பேர் இருந்தாலும். அதனால் நீந்தத் தெரியாத பிள்ளை தண்ணீரிலோ தண்ணீர் அருகிலோ இருக்கும்போது, ஒரு பெரியவர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். யார் அந்த ஒருவர் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘இப்போது நான் பார்க்கிறேன்’, ‘சரி, இனி நீ’. எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பெரிய குடும்பமாகப் போகும்போது இது இன்னும் முக்கியம். காவல் இருப்பவர் கையில் போன் இருக்கக் கூடாது. குளத்துக்கும் இதே சட்டம்தான், விடுதியில் முதல் நாள் பெட்டி பிரிக்கும் நேரம்தான் எல்லோர் கவனமும் சிதறும் நேரம்.

கரையில் கிடக்கும் சங்குகளில் ஒரு எச்சரிக்கை. இந்தியப் பெருங்கடல், பசிபிக் பக்கம் கூம்பு வடிவில் அழகான கோலம் போட்ட ஒரு வகை உண்டு. உள்ளே உயிர் இருந்தால் விஷ ஊசியால் குத்தும், மனிதர்கள் இறந்திருக்கிறார்கள், மாற்று மருந்து கிடையாது. தண்ணீருக்குள் கிடப்பதைத் தொடக் கூடாது, காய்ந்த மணலில் கிடப்பதை அப்பாவிடமோ அம்மாவிடமோ காட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். பவளத்தையும் பல நாடுகளில் வெளியே கொண்டுபோகத் தடை உண்டு, துண்டாக இருந்தாலும். கரீபியன் கரைகளில் மஞ்சினீல் என்றொரு மரம், சின்ன ஆப்பிள்போலப் பழம் காய்க்கும். பழமும் பாலும் கடும் விஷம், மழையில் அதன் அடியில் நின்றாலே தோல் கொப்பளிக்கும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். தென்னை மரத்தடியில் பாய் விரிக்க வேண்டாம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கல்மீன் போன்ற விஷ மீனின் முள் காலில் குத்தினால், பெரியவர் கையால் தாங்கிப் பார்த்த வெந்நீரில் காலை அமிழ்த்தி வைத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். சூடு 45 பாகை செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. ஜெல்லி மீன் பட்டால் மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது. வினிகர் சில வகைக்கு நல்லது, சிலவற்றுக்கு ஆகாது, எனவே அந்தக் கரையில் என்ன வழக்கம் என்று உயிர்காப்பாளர் சொல்வதைச் செய்யுங்கள்.

வெயிலும் கொசுவும்

உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை. இதை மூன்று வயதுப் பிள்ளையே விளையாட்டாகப் பார்த்துச் சொல்லும். மேகமூட்டத்தை நம்பாதீர்கள், மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் பழக்கமில்லை. நிழலும் முழுக்கைத் துணியும் தொப்பியும்தான். அதற்கு மேல் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதிகம், வெளியே போவதற்குக் கால் மணி முன்பே, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் தண்ணீரிலிருந்து வந்ததும். விட்டுப்போகும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான்: காதின் மேல் விளிம்பு, பிடரி, முழங்காலின் பின்பக்கம், பாதத்தின் மேல்புறம். ஹவாயில் 2021 முதல் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனை விற்கத் தடை. பலாவு நாடு 2020-லேயே பவளத்துக்குக் கெடுதலான வகைகளைத் தடை செய்தது. இந்த வகைகள் இல்லாமல் துத்தநாக ஆக்சைடு கலந்தது வாங்கினால் சிக்கல் குறைவு, குழந்தைத் தோலுக்கும் அது மென்மை. வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரியும், தெரியட்டும்.

டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் மாலை மயங்கும் முன்பும் அதிகம். கொசுவலையை ராத்திரிக்கு மட்டும் என்று நினைக்காமல் பகல் தூக்கத்துக்கும் கட்டுங்கள். டீட் என்ற ரசாயனம் கலந்த கொசுவிரட்டி இரண்டு மாதத்துக்குக் கீழே கூடாது. எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் மூன்று வயதுக்குக் கீழே கூடாது. குழந்தையின் கையில் தடவாதீர்கள், கை நேராக வாய்க்குத்தான் போகும். முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு விரட்டி.

வயிறு

மூடி உடைக்காத பாட்டில் தண்ணீர் அல்லது கொதித்து ஆறியது. பல் துலக்கவும் அதையே கொடுங்கள். பழத்தை நீங்களே தோலுரியுங்கள். சாப்பாட்டில் புதுமை வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பிள்ளையை விடுமுறையில் திருத்த முயலாதீர்கள். வெந்த சோறோ ரொட்டியோ முட்டையோ எதைச் சாப்பிடுகிறதோ அதுவே நாலு நாள் போகட்டும்.

வயிற்றோட்டம் வந்தால் ஒவ்வொரு முறைக்கும் பிறகு ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்: இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, எழுப்பினால் சோர்ந்து விழுகிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவமனை.

நாய், பூனை, குரங்கு

தீவுகளில் இவை மனிதர்களோடு ஒட்டி வாழும், பிள்ளைகளும் ஓடிப்போய்த் தொடுவார்கள். பாலியில் 2008 முதல் வெறிநோய் இருக்கிறது. எங்கே கடித்தாலும், நகம் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது அழும் குழந்தையோடு ரொம்ப நீளம், ஆனாலும் கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். பிறகு அன்றே ஊசி. ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது.

திரும்பும் நாளும் அதற்குப் பிறகும்

கடைசி நாள் காலையில் கடலுக்குப் போக ஆசைப்படாத பிள்ளை இல்லை. ஈர உடைக்கென்று ஒரு பையைக் காலியாக வைத்திருந்தால் அதையும் அனுமதிக்கலாம். படகு கடல் கொந்தளிப்பால் ரத்தாவது நடக்கும் என்பதால், வெளிநாட்டு விமானத்துக்கு முதல் நாள் ராத்திரியே பெரிய தீவுக்கோ விமான நிலையம் உள்ள ஊருக்கோ வந்துவிடுவது நல்லது. திரும்பிய மறுநாளே வேலைக்கும் பள்ளிக்கும் ஓடாமல் ஒரு நாளாவது வீட்டில் இருங்கள்; துவைக்க இருப்பதைப் பார்த்தால் அது விடுமுறை நாள் என்று தோன்றாது.

இரண்டு வாரத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், சளிதானே என்று விடாமல் மருத்துவரிடம் போய், எந்தத் தீவுக்கு எந்தத் தேதியில் போய்வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். டெங்கு, கொசு கடித்த நாலு முதல் பத்து நாளில்தான் தலைகாட்டும். மலேரியா உள்ள இடத்துக்குப் போயிருந்தால் இந்தக் கணக்கு மாதக்கணக்கில் நீளும், ரத்தப் பரிசோதனை அன்றே வேண்டும். டாக்டரைப் பார்க்கும்வரை பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். டெங்குவாக இருந்தால் இபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவைக் கூட்டும்.